மன்னாவும் மீதமும்

2025 ஏப்ரலில் உலக வங்கி இந்தியாவின் வறுமை நிலை பற்றி ஒரு சிறு அறிக்கை வெளியிட்டது. அதில் இரண்டு கணக்குகள் அடுத்தடுத்து நின்றன. வீடுகளின் செலவை வைத்துப் பார்த்தால், ஏற்றத்தாழ்வைச் சொல்லும் கினி குறியீடு 2011-12இல் 28.8 ஆக இருந்து 2022-23இல் 25.5 ஆக இறங்கியிருக்கிறது. வருமானத்தை வைத்துப் பார்த்தாலோ, உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளத்தின் மதிப்பீட்டில், 2004இல் 52 ஆக இருந்த குறியீடு 2023இல் 62 ஆக ஏறியிருக்கிறது. அந்த ஜூலையில், முதல் எண்ணைக் காட்டி, இந்தியா உலகின் நான்காவது சமத்துவ நாடு என்று அரசின் செய்திக்குறிப்பு சொன்னது. இரண்டாம் எண்ணைப் பிடித்தவர்கள் அதை மறுத்து எழுதினார்கள்.

அந்த முதல் எண் பிறக்கிற இடத்தில்தான் என் உத்தியோக காலம் கழிந்தது. தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியாளராக வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்குக் கேட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திருநெல்வேலிச் சபையில் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவளும்கூட. இந்த இரண்டு வேலைக்கும் சம்பந்தம் இல்லை என்று உடன்வேலை பார்த்தவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை அளக்கப் போகிறவர் தட்டில் விழுந்ததை அளக்க வேண்டுமா, பெட்டியில் மீந்ததை அளக்க வேண்டுமா? புள்ளியியல் பாடத்தில் இதற்கு விடை கிடையாது. அயலான் யார், அவனுக்கும் எனக்கும் என்ன கணக்கு என்று வேதம் கேட்கிற கேள்வியின் இன்னொரு வடிவம் இது.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு பழைய விடை இருக்கிறது. வனாந்தரத்தில் பசித்த ஜனத்துக்கு விடியற்காலையில் மன்னா என்ற உணவு வானத்திலிருந்து விழுகிறது. கூடாரத்தில் எத்தனை பேரோ, தலைக்கு ஒரு ஓமர் வீதம் சேர்த்துக்கொள்ளச் சொல்லப்படுகிறது. கூடாரம் என்பது குடும்பம். ஓமர் என்பது தலைக்கணக்கு. எங்கள் படிவத்தின் அடிப்படையும் இதுதான். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவர்களுடைய மாதச் செலவைத் தலைக்கு வகுத்தால் வருவதே நாங்கள் எழுதும் எண். ஓடி ஓடிப் பொறுக்கியவரும் மெள்ளப் பொறுக்கியவரும் கூடாரத்துக்கு வந்து அளந்தபோது ஒரே அளவுதான் நின்றது என்கிறது அந்த அதிகாரம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அதிசயத்தோடு நிறுத்திக்கொள்வோம். அதே அதிகாரத்தில் இன்னொரு செய்தி உண்டு. சிலர் மன்னாவை மறுநாளைக்கென்று எடுத்து வைத்தார்கள். அது புழுத்து நாறியது, ஜனத்தை வழிநடத்திய மோசே கோபப்பட்டார். ஓய்வுநாளுக்கென்று ஆறாம் நாளில் எடுத்து வைத்தது மட்டும் கெடவில்லை.

தேவைக்கு வைத்தது கெடவில்லை, பதுக்கியது கெட்டது. வனாந்தரத்தில் தட்டை மட்டும் அளந்தால் போதுமாக இருந்ததற்கு இதுதான் காரணம். பெட்டியில் எதுவும் தங்காத இடத்தில் பெட்டியைத் திறந்து பார்க்க அவசியமில்லை. நம் காலத்தில் மீந்தது கெடுவதில்லை. அது நிலமாகிறது, பங்குப் பத்திரமாகிறது, வட்டியாகிறது, பேரனின் கல்லூரி இடமாகிறது. ஆகவே, மன்னா விழுந்த இடத்தின் அளவையை மன்னா விழாத இடத்தில் பயன்படுத்தினால் பாதி உண்மைதான் கிடைக்கும். உலக வங்கி அறிக்கையின் இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்று தட்டைச் சொல்கிறது, மற்றது பெட்டியை எட்டிப்பார்க்க முயல்கிறது.

நம் நாடு ஏன் தட்டை அளக்கத் தொடங்கியது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1950இல் பேராசிரியர் மகலனோபிஸின் முன்முயற்சியில் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. வருமானத்தைக் கேட்க அப்போதே ஆசை இருந்தது. 1950களிலும் 60களிலும் சில சுற்றுகளில் சோதனையாகக் கேட்டும் பார்த்தார்கள். மக்கள் சொன்ன வருமானம் அவர்களே சொன்ன செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக வந்தது. வருமானக் கேள்வி கைவிடப்பட்டது, செலவுக் கேள்வி நின்றது.

அந்தக் கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு வீட்டின் திண்ணை. அந்தம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலையைக் கத்தரித்தபடியே பதில் சொன்னார்கள். சம்பாத்தியம் எவ்வளவு என்று கேட்டால் அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை வரும். கழிவு என்று தள்ளிய கட்டுக்குக் கூலி கிடையாது. கொடுத்த இலை பத்தாவிட்டால் தங்கள் காசில் வாங்கிப் போட வேண்டும். அதைக் கழித்துத் தம் வருமானம் என்னவென்று எந்தக் கணக்கப்பிள்ளை எழுதிவைத்திருக்கிறார்? ஆனால் அரிசி, பருப்பு, எண்ணெய், சீப்பு, சோப்பு, பஸ் கட்டணம், வைத்தியச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கும். படிவத்தில் ரேஷன் அரிசிக்குத் தனி வரிசை, கடை அரிசிக்குத் தனி வரிசை.

"எக்கா, போன முப்பது நாள்ல முட்டை எத்தனை வாங்குனீங்க?"

"ஏழெட்டு வாங்கியிருப்போம்மா. எல்லாம் பயலுக்குத்தான். அவன் படிக்கான்லா. எனக்கும் பிள்ளைக்கும் குழம்பு இருக்கு."

படிவத்தில் முட்டையின் எண்ணிக்கைக்கு இடம் உண்டு, விலைக்கு இடம் உண்டு. யார் சாப்பிட்டது என்பதற்கு இடம் இல்லை. எட்டு முட்டையும் நான்கு தலைக்கு வகுக்கப்பட்டு, தாயும் மகளும் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டதாக டெல்லிக்குப் போகும். ஓமர் கூடாரத்துக்குள் நுழைந்த பிறகு எப்படிப் பங்கிடப்பட்டது என்று யாத்திராகமமும் சொல்லவில்லை. ஏற்றத்தாழ்வு வீட்டு வாசலில் தொடங்குவதாக நம் கணக்குகள் எல்லாம் பாவனை செய்கின்றன. அது அடுப்படியில் தொடங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் எந்த கினி எண்ணையும் நான் படிக்கிறேன். அது சொல்லும் அளவைவிட உண்மை ஒரு படி கூடுதலாகவே இருக்கும்.

கினி குறியீட்டைச் சிக்கலான சூத்திரம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அதன் உள்ளே இருப்பது எளிய விஷயம். நாட்டில் உள்ளவர்களை இரண்டிரண்டு பேராக எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாச் சோடிகளின் வித்தியாசத்துக்கும் சராசரி எடுங்கள். அதை மொத்தச் சராசரியின் இரு மடங்கால் வகுங்கள். எல்லோரிடமும் ஒரே அளவு இருந்தால் விடை 0. எல்லாம் ஒருவரிடமே இருந்தால் ஏறக்குறைய 1. நூறால் பெருக்கி 25.5, 62 என்று எழுதுகிறார்கள். கொர்ராடோ கினி என்ற இத்தாலியர் 1912இல் இதைக் கொடுத்தார். அவர் பிற்காலத்தில் முசோலினியின் பாசிசத்துக்கு அறிவியல் நியாயம் எழுதியவர். இருந்தும் அவருடைய சூத்திரத்துக்குள் ஒரு சுவிசேஷம் இருக்கிறது என்று நான் நினைப்பதுண்டு. பீடி சுற்றும் அந்தம்மாவும் நாட்டின் பெரிய செல்வரும் ஒரு சோடியாக எதிரெதிரே நிறுத்தப்படுகிறார்கள். இவரை அவரோடு ஒப்பிடக்கூடாது என்று அந்தக் கணக்கு யாருக்கும் விலக்குக் கொடுப்பதில்லை. சாதியால் வரிசைகளைப் பிரித்துவைத்த ஒரு தேசத்தில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிற எந்த அளவையும் சின்ன காரியம் அல்ல.

1963இல் மக்களவையில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா எழுப்பிய வாதம், சராசரி மறைக்கிற இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான். நாட்டில் 27 கோடிப் பேர் நாளுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்றார் அவர். தலைக்குப் பதினைந்து அணா வருகிறது என்றார் பிரதமர் நேரு. நேரு சொன்னது சராசரி. லோகியா கேட்டது, அந்தச் சராசரிக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று. சராசரி எடுத்த மாத்திரத்தில் பணக்காரரின் மீதம் ஏழையின் தட்டில் விழுந்தது போல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. நிஜத்தில் விழாததைக் கணக்கில் விழவைப்பது பெரிய அநியாயம். அதைத் தடுக்கத்தான் பரவலை அளக்கிற கலையே பிறந்தது.

ஆனால் எந்த அளவையும் நடுநிலையானது அல்ல. பொருளியலாளர் ஆந்தனி அட்கின்சன் 1970இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக நிறுவியது. எந்தக் குறியீட்டைத் தேர்ந்தாலும், அடியில் இருப்பவரின் ஒரு ரூபாய்க்கு என்ன எடை, உச்சியில் இருப்பவரின் ஒரு ரூபாய்க்கு என்ன எடை என்று முன்கூட்டியே ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறோம் என்றார் அவர். ஓர் உதாரணம் போதும். ஒரு வீட்டில் மாதம் 5,000 ரூபாய், இன்னொரு வீட்டில் 50,000. சில ஆண்டுகளில் இரண்டுமே இரட்டிப்பானால் 10,000, 100,000. கினி இம்மியும் மாறாது. வித்தியாசமோ 45,000இலிருந்து 90,000 ஆகிவிட்டது. ஏற்றத்தாழ்வு கூடியதா, கூடவில்லையா? விகிதத்தைப் பார்ப்பவர் கூடவில்லை என்பார். நிலம் வாங்கப் போகிறவர் கூடிவிட்டது என்பார், ஏனென்றால் பத்திர அலுவலகத்தில் விகிதத்தைக் கொடுத்து யாரும் மனை வாங்க முடியாது. இதை முடிவு செய்வது மனச்சாட்சி. கணிதம் அதன் பிறகு வரும்.

மிகவும் பலமான எதிர்வாதம் ஒன்று உண்டு. அமெரிக்கத் தத்துவவாதி ஹாரி ஃபிராங்பர்ட் 1987இல் அதை எழுதினார். எல்லோருக்கும் போதுமானது கிடைக்க வேண்டும் என்பதே அறம்; யாரிடம் எவ்வளவு கூடுதல் என்பது அறக்கேள்வியே அல்ல என்றார். ஏழை பசித்திருப்பது தவறு. பணக்காரர் அவரைவிட ஆயிரம் மடங்கு வைத்திருப்பது தன்னளவில் தவறல்ல. என்னோடு சபையில் அமர்கிறவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். பிறருடையதை இச்சிக்காதே என்ற பத்தாம் கற்பனையை எனக்கு ஞாபகப்படுத்துவார்கள். ஏற்றத்தாழ்வை அளப்பதே பொறாமையை அரசாங்க வேலையாக்குவது என்று ஒரு பெரியவர் சொன்னதுண்டு.

இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மன்னாவின் முதல் பாதி அவர்கள் பக்கம்தான் நிற்கிறது: தலைக்கு ஒரு ஓமர் கிடைத்துவிட்டால் யாருக்கும் குறை இல்லை. ஆனால் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஏழை வீடுகளில் எனக்குப் பொறாமை தட்டுப்பட்டது மிக அபூர்வம். பீடி சுற்றிய அந்தம்மா யாருடைய காரையும் பற்றி என்னிடம் பேசவில்லை. மகனுடைய பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தக் கட்டணத்தை நிர்ணயித்தது அவர்கள் வருமானமா? அதைக் கட்டக்கூடியவர்களின் வருமானம். மனை விலையும் ஆஸ்பத்திரிச் செலவும் கல்யாணச் செலவும் அப்படியே. மேலே மீதம் சேரச் சேர, கீழே 'போதும்' என்பதன் விலை ஏறுகிறது. போதுமானதையும் கூடுதலையும் தனித்தனியாக வைக்கலாம் என்பது மீந்தது புழுத்துப்போகிற உலகத்தில் சரி. மீந்தது அதிகாரமாக மாறுகிற உலகத்தில், ஒருவரின் கூடுதல் இன்னொருவரின் போதுமானதைத் தின்றுவிடுகிறது.

அப்போஸ்தலர் பவுல் இதைக் கண்டுகொண்டார் என்று நம்புகிறேன். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை கேட்கிறார். மக்கெதோனியாவின் ஏழைச் சபைகள் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்ததைச் சொல்கிறார். கொடுப்பவர் நொடிந்துபோவது தன் நோக்கமல்ல, இரு தரப்பும் சமநிலைக்கு வருவதே நோக்கம் என்கிறார். அதற்கு ஆதாரமாக அவர் எடுத்துக்காட்டுவது மன்னாவை. வனாந்தரத்தில் வானம் செய்த சமன்பாட்டைப் பட்டணத்தில் மனிதர்கள் செய்ய வேண்டும் என்பது இதன் பொருள். அதிசயமாக இருந்தது கடமையாகிவிட்டது. அந்தக் கடமையைச் செய்ய, யாரிடம் என்ன மிகுதி, யாரிடம் என்ன குறைவு என்று முதலில் தெரிந்தாக வேண்டும். பவுலின் இறையியலுக்குள் ஒரு கணக்கெடுப்பு ஒளிந்திருக்கிறது.

எங்கள் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறை அசனப் பண்டிகை நடக்கும். அவரவர் வசதிப்படி அரிசியும் ஆடும் காசும் கொடுப்பார்கள். ஊருக்கே பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் பொங்கும். காரில் வந்தவரும் வயலிலிருந்து நேரே வந்தவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவார்கள். அன்றைய சாப்பாட்டை மட்டும் எண்ணினால் எங்கள் ஊரின் கினி 0. செலவை வைத்து ஏற்றத்தாழ்வை அளக்கும்போது நடப்பதில் ஒரு பங்கு இதுதான். வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு பெரிய செல்வராலும் நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் சாப்பிட முடியாது. வருமானம் ஏற ஏறச் செலவாகாமல் நிற்கிற பங்கு கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பங்கு செலவுக் கணக்கில் வருவதே இல்லை. 2022-23 ஆய்வில் கிராமத்தின் அடிமட்ட 5 விழுக்காட்டினர் மாதம் தலைக்குச் செலவழித்தது 1,373 ரூபாய். நகரத்தின் மேல்மட்ட 5 விழுக்காட்டினர் 20,824 ரூபாய். பதினைந்து மடங்கு. இந்தியாவின் உச்சிக்கும் அடிக்கும் உள்ள தூரம் பதினைந்து மடங்குதான் என்று யாராவது நம்புவார்களா?

நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் வாசல்களில் பார்த்தேன். குடிசைக்குப் போனால் பாய் விரிப்பார்கள். இல்லாத வீட்டிலும் தண்ணீராவது வரும். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனால் காவலாளியின் நோட்டுப் புத்தகம், பிறகு இன்டர்காம், பிறகு "ஐயா ஊர்ல இல்ல" என்ற பதில். ஒருமுறை கதவைத் திறந்த ஒருவர், "இன்கம் டாக்ஸ்லருந்து வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, மளிகைக்கும் பாலுக்கும் மட்டும் பதில் சொல்லி எழுந்துவிட்டார். நாங்கள் முதலில் ஆய்வுக்குத் தேர்வான பகுதியின் வீடுகளைப் பட்டியலிடுவோம். அதிலிருந்து சில வீடுகள் விதிப்படி தேர்வாகும். தேர்வான வீடு ஒத்துழைக்கவில்லை என்றால் பட்டியலிலிருந்து வேறொரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். காரணத்தை அதற்கான கட்டத்தில் குறிக்க வேண்டும். திறக்காத கதவுக்குப் பதிலாகத் திறந்த கதவு உள்ளே வரும். திறந்த கதவு பெரும்பாலும் கொஞ்சம் எளிய கதவு. இப்படி ஊர் ஊராக நடந்தால், பட்டியலின் உச்சி மெல்லத் தேய்ந்து கினி இறங்காமல் என்ன செய்யும்? 2022-23இல் நகரங்களில் கார் வைத்திருக்கும் வீடுகளைத் தனியே பிரித்துத் தேர்ந்தெடுத்தது இதைச் சரிசெய்யும் நல்ல முயற்சி. ஆனால் கார் இருக்கிற வீட்டைக் கண்டுபிடிப்பது ஒரு காரியம், அதன் கதவைத் திறக்கவைப்பது இன்னொரு காரியம்.

உச்சியைப் பார்க்க வேறு வழி தேடியவர்கள் வருமான வரிக் கணக்குகளுக்குப் போனார்கள். 1922இன் வருமான வரிச் சட்டத்திலிருந்து அந்தத் தடம் கிடைக்கிறது. நிதின் குமார் பார்தி, லூகா ஷான்செல், தோமா பிக்கெட்டி, அன்மோல் சோமஞ்சி ஆகியோர் 2024இல் வெளியிட்ட ஆய்வில் நாட்டு வருமானத்தில் உச்சி 1 விழுக்காட்டினரின் பங்கை நூறாண்டுக்கு வரைந்து காட்டினார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில், இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அது 20 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பிறகு இறங்கி 1980களின் தொடக்கத்தில் 6 விழுக்காட்டை ஒட்டி வந்தது. 2022-23இல் 22.6 விழுக்காடு. இந்தக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு: வரி கட்டுகிறவர்கள் சிறு கூட்டம், மற்றவர்களின் வருமானத்தை ஆய்வுகளிலிருந்து யூகித்துச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இருந்தாலும் அந்தக் கோடு எந்தப் பக்கம் வளைகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கதவுகள் எந்தப் பக்கம் மூடின என்று நான் பார்த்திருக்கிறேன்.

காலம் கடந்து ஒப்பிடுவதில்தான் பெரிய சோதனை. அளக்கிற முறை மாறினால் அளக்கப்பட்டது மாறியதா, அளவை மாறியதா என்று சொல்ல முடியாது. 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றில் சாப்பாட்டுப் பொருள்களை ஏழு நாளுக்கும் முப்பது நாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் கேட்கச் சொன்னார்கள். ஏழு நாள் கணக்கைச் சொன்னதும் முப்பது நாளுக்கு அதையே நாலால் பெருக்கிச் சொல்வது மனித இயல்பு. வறுமை 1993-94இல் 36 விழுக்காட்டிலிருந்து 26க்கு இறங்கியதாக அந்தச் சுற்றிலிருந்து வந்த முடிவை நாட்டின் சிறந்த பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். 2017-18 ஆய்வு முடிந்தும், தரவின் தரம் சரியில்லை என்று 2019 நவம்பரில் அரசு அதை வெளியிடாமல் விட்டது. 2011-12க்குப் பிறகு 2022-23 வரை நாட்டுக்கு ஒரு செலவுக் கணக்கே இல்லை. அதற்குள் ஆய்வு முறை மாறிவிட்டது. ஒரே நாளில் கேட்டதை மூன்று மாதத்தில் மூன்று முறை போய்க் கேட்கிறார்கள். ஒரு தலைமுறை ஏறியதா இறங்கியதா என்பதைச் சொல்ல வேண்டிய நூல் நடுவில் அறுந்து வேறு நிறத்தில் தொடர்கிறது.

லேவியராகமம் 25இல் யூபிலி வருஷம் சொல்லப்பட்டிருக்கிறது. ஐம்பதாம் ஆண்டில் கைமாறிய நிலம் அதன் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அது முழுதாக நடைமுறையில் இருந்ததா என்று வேத பண்டிதர்கள் விவாதிக்கட்டும். சட்டத்தின் பின்னால் உள்ள ஞானம் எனக்குத் தெளிவு: ஏற்றத்தாழ்வு காலத்தில் குவிகிறது, ஆகவே காலத்தை வைத்தே அதைப் பார்க்க வேண்டும். தந்தை விட்ட இடத்திலிருந்து மகன் தொடங்குகிறான். நம் நாட்டில் வாரிசுச் சொத்துக்கான வரி 1953இல் வந்து 1985இல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போனது. அந்த வரிகள் நல்லவையா கெட்டவையா என்பது ஒரு வாதம். அவற்றோடு, பெட்டிக்குள் எட்டிப்பார்க்க இருந்த சிறு ஜன்னலும் அடைபட்டது என்பது என் கவலை.

எண்ணுவதே விசுவாசக் குறைவு என்று சிலர் தாவீது ராஜாவைக் காட்டுவார்கள். அவர் ஜனத்தை எண்ணியபோது தேசத்தில் வாதை வந்தது என்று 2 சாமுவேல் 24 சொல்கிறது. ஆனால் தாவீது எண்ணியது யாரை? பட்டயம் உருவக்கூடியவர்களை. தம் பலத்தை அறிய எண்ணினார். மோசேயின் ஜனம் ஓமரால் அளந்தது தங்களில் யாருக்கும் குறையாமல் இருக்க. எதற்காக எண்ணுகிறோம் என்பதில் பாவமும் புண்ணியமும் இருக்கிறது. நான்காம் இடம் என்று மார்தட்டுவதற்காக எண்ணினால் அது தாவீதின் கணக்கு. குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்ட அந்தத் தாயையும் மகளையும் கண்டுபிடிப்பதற்காக எண்ணினால் அது ஓமரின் கணக்கு.

இந்தியாவின் வீடுகளில் வருமானத்தையே நேரடியாகக் கேட்கும் ஆய்வை 2026இல் நடத்தப்போவதாக 2025இல் அரசு அறிவித்தது. 1960களில் கைவிட்ட கேள்வியை மறுபடி கையில் எடுப்பதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். கேள்வி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, பதில் உண்மையாக இருக்க வேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரத்தில் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்து, எல்லாம் இவ்வளவுதான் என்று சபைக்குச் சொன்னார்கள். பேதுரு அனனியாவிடம், நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பணமும் உன் வசம்தானே இருந்தது என்று கேட்கிறார். வைத்துக்கொண்டதைக் குற்றம் என்று அவர் சொல்லவில்லை. குறைத்துச் சொன்னதே குற்றம். ஒன்றாகச் சாப்பிடுகிற சமுதாயத்தில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதைப் பொய்யாக்கினால் பங்கீடே பொய்யாகிவிடும்.

வசதியாக வாழ்கிற என் சகோதர சகோதரிகளிடம் கேட்பது இதுதான். தர்மம் செய்கிறீர்கள், காணிக்கை போடுகிறீர்கள், தசமபாகம் கொடுக்கிறீர்கள். அதற்கெல்லாம் முந்தைய ஒரு தர்மம் இருக்கிறது: உங்களிடம் இருப்பதை உள்ளபடி சொல்வது. கையில் படிவத்தோடு ஒரு பெண்ணோ பையனோ உங்கள் மாடிக்கு ஏறி வந்தால், அவர்கள் வரி வசூலிக்க வரவில்லை. 2008இன் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் உங்கள் வீட்டின் பதிலைத் தனியே வெளியிட விடாது. கதவைத் திறங்கள், உட்காரச் சொல்லுங்கள், சம்பளம், வாடகை, வட்டி, பங்கு எல்லாவற்றையும் சரியாகச் சொல்லுங்கள். முக்கூடல் திண்ணையில் எட்டு முட்டைக்கும் உண்மையான கணக்கு வந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கும் அதே உண்மையோடு சேர்ந்தால்தான் இந்த நாட்டில் யார் யாருக்கு அயலான் என்று நாம் சொல்லத் தொடங்க முடியும்.